பக்கவாதத்துக்குப் பிறகு ஆக்குபேஷனல் தெரபி: ஆய்வை நம்புவதா, அனுபவித்தவர்களை நம்புவதா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்குபேஷனல் தெரபியை, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையை, தொடரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தேடிப் படித்த ஆய்வுகளில் ஒன்று ‘பலன் உண்டு’ என்கிறது, இன்னொன்று ‘வித்தியாசமே இல்லை’ என்கிறது. சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் ‘எழுந்து நடமாட வைத்ததே அவர்கள்தான்’ என்கிறார். மற்றொருவர் ‘துளைப் பலகையில் குச்சி சொருகச் சொன்னார்கள், வேறொன்றும் நடக்கவில்லை’ என்கிறார். ‘பலன் உண்டா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி, பலன் என்று எதைச் சொல்வது, அதை யார் சொல்வது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆய்வுகள் முரண்படுவதுபோலத் தெரிவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பல வருடங்களாகப் பெரியவர்களிடமே வேலை செய்கிறேன்: பக்கவாதம், கை அறுவை சிகிச்சை, முதுமை. குழந்தைகள் பிரிவில் எனக்கு வாசிப்பு உண்டு, கைப்பழக்கம் குறைவு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். பக்கவாதத்துக்குப் பின் அன்றாட வேலைகளைக் குறிவைத்துத் தரும் ஆக்குபேஷனல் தெரபி பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை) 2017இல் புதுப்பிக்கப்பட்டது. 9 ஆய்வுகள், 994 பேர். எல்லாமே குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்தவை. சிகிச்சை பெற்றவர்கள் உடுத்துவது, குளிப்பது, வீட்டுக்குள் நடமாடுவது போன்றவற்றில் மற்றவர்களைவிடச் சற்று மேலாக இருந்தார்கள். நிலைமை மோசமாகிப் பிறரைச் சார்ந்துவிடும் வாய்ப்பும் குறைந்தது. ஆனால் சான்றின் தரம் குறைவு என்று அந்தத் தொகுப்பாய்வே சொல்லிவிடுகிறது. இதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையென்றால் உள்ளே மருந்து இருக்கிறதா வெறும் மாவா என்று தெரியாதபடி கொடுத்துச் சோதிக்கலாம். ஒருவர் தினமும் வந்து சட்டை போடக் கற்றுக்கொடுத்ததை உங்களிடமிருந்தே எப்படி மறைப்பது? இந்தத் துறையின் ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்தக் குறை ஓரளவு இருந்தே தீரும். அதே தொகுப்பாய்வில் இன்னொன்றும் இருக்கிறது: மனச்சோர்வு இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

‘வித்தியாசமே இல்லை’ என்று நீங்கள் படித்தது அநேகமாக 2015இல் பிரிட்டனிலிருந்து வந்த பெரிய ஆய்வாக இருக்கும். பராமரிப்பு இல்லங்கள் 228, அவற்றில் வாழும் பக்கவாதம் கண்டவர்கள் 1042 பேர். மூன்று மாதம் தெரபி கொடுத்துப் பார்த்தார்கள், அன்றாடச் செயல்களில் மாற்றம் தென்படவில்லை. ஆய்வு ஒழுங்காகச் செய்யப்பட்டது, முடிவைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலோர் மிகக் கடுமையாக முடங்கியவர்கள், பலருக்கு ஞாபகசக்தியும் தளர்ந்திருந்தது. குளிப்பாட்டுவதும் உடுத்திவிடுவதும் ஊழியர்களின் அன்றாட வேலையாக ஓடிக்கொண்டிருக்கும் இடம் அது. தானே செய்து பழக அங்கே எவ்வளவு வாய்ப்பு இருந்திருக்கும்? சமீபத்தில் பக்கவாதம் வந்து, சொந்த வீட்டுக்குத் திரும்பி, சொன்னது புரியும் நிலையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது சரியாகாது.

எதை வைத்து அளக்கிறோம் என்பதால் முடிவு எப்படி மாறுகிறது என்பதற்குப் பார்க்கின்சன் நோயில் ஒரு நல்ல ஜோடி ஆய்வு இருக்கிறது. நெதர்லாந்தில் 191 பேரை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் வீட்டுக்கே போய்க் கொடுத்த ஆக்குபேஷனல் தெரபி நல்ல பலன் தந்தது. பிரிட்டனில் 762 பேரை வைத்து 2016இல் வெளியான ஆய்வில் பிசியோதெரபியையும் சேர்த்துக் கொடுத்தும் பலன் தெரியவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டாவதுக்குத்தான் எடை அதிகம். ஆனால் பிரிட்டனில் கிடைத்த சிகிச்சையின் அளவு குறைவு, சராசரியாக நான்கைந்து சந்திப்புதான். அளவுகோலும் வேறு. அங்கே எல்லாருக்கும் ஒரே கேள்விப் பட்டியல்: படி ஏறுகிறீர்களா, பாத்திரம் கழுவுகிறீர்களா, வெளியே போய் வருகிறீர்களா. நெதர்லாந்தில் பயன்படுத்தியது கனடாவில் உருவாகி 1991இல் வெளிவந்த சி.ஓ.பி.எம். என்ற அளவுகோல். அதில் தயாராக எழுதிவைத்த கேள்வி எதுவும் கிடையாது. ‘நீங்கள் செய்ய நினைத்தும், செய்தாக வேண்டியிருந்தும், முடியாமல் போவது எது?’ என்று கேட்பார்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, முக்கியமானவை என்று அவர் தேர்ந்தெடுக்கும் ஐந்து வரையிலான காரியங்களுக்கு இரண்டிரண்டு மதிப்பெண் போடச் சொல்வார்கள். இப்போது இதை எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி. இரண்டுக்கும் பத்துக்கு எவ்வளவு? சில வாரம் கழித்து மறுபடி கேட்பார்கள். இரண்டு மதிப்பெண் ஏறினால் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் என்பது பொதுவான வழக்கம்.

எனக்கு இந்த அளவுகோல் பிடிக்கும். ஆனாலும் எதிர்வாதத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தனக்குத் தானே மதிப்பெண் போடுகிறவர், தெரபி கிடைத்தது என்று தெரிந்தவர், பத்து வாரம் வீடு தேடி வந்த ஒருவர் மனம் நோகக்கூடாது என்று நினைப்பவர், இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆகவே நெதர்லாந்து முடிவில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் எங்கள் துறைக்குள்ளேயே சண்டை. பொதுவான பட்டியலில் ஏறாத மாற்றம் மாற்றமே இல்லை என்பவர்களும் உண்டு, அவரவர் சொல்வதே போதும் என்பவர்களும் உண்டு. நான் இரண்டு பக்கமும் முழுதாகச் சேரவில்லை. ஏன் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அறுபதைத் தாண்டியவர், உங்கள் அம்மாவைப் போலவே வலது பக்கம் பலவீனம். முதல் சந்திப்பில் என்ன வேண்டும் என்று கேட்டேன். கை விரல் நீள வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்று எதையாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். ‘குளிக்கிறப்போ கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கணும்ங்க. அவ்வளவுதான் எனக்கு’ என்றார். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் மனைவி கதவைத் திறந்துவைத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அது மாதக்கணக்காக உறுத்திக்கொண்டிருந்தது.

ஒரு தாழ்ப்பாளுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். கதவு உள்பக்கம் திறப்பது. அவர் உள்ளே விழுந்து கதவில் சாய்ந்தால் வெளியிலிருந்து யாராலும் தள்ளித் திறக்க முடியாது. எனவே முதலில் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிப் பொருத்தச் சொன்னோம். தாழ்ப்பாளையும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திருப்பித் திறக்கக்கூடிய வகையாக மாற்றி, இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். அடுத்தது உடம்பு. நிற்கும்போது இடது கை சுவரிலுள்ள கைப்பிடியை விடக்கூடாது. அப்படியென்றால் தாழ்ப்பாளைத் தள்ள வேண்டியது பலவீனமான வலது கை. அந்த விரல்களால் பிடிக்க முடியாது, ஆனால் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தால் தள்ள முடியும். அதற்குத் தோள் சிறிது உயர வேண்டும், முழங்கை நீள வேண்டும். தோள், முழங்கைப் பயிற்சி முழுவதையும் அந்தக் கதவுக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டோம். துளைப் பலகையை எடுக்கவே இல்லை. முதுகு தேய்த்துவிட மனைவி வேண்டியிருந்தது. அதை முடித்துவிட்டு அவர் வெளியே வந்துவிடுவார். மிச்சக் குளியல் தாழ்ப்பாள் போட்டபின், உட்காரும் பலகையில்.

பார்தல் அளவுகோல் என்று ஒன்று உண்டு, 1965இலிருந்து புழக்கத்தில் இருப்பது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதில் குளியலுக்கு இரண்டே மதிப்பெண்: யார் உதவியும் இல்லாமல் குளித்தால் 5, உதவி வேண்டியிருந்தால் 0. முதுகு தேய்க்க ஆள் வேண்டியிருந்ததால் அவருடைய மதிப்பெண் முதலிலும் 0, கடைசியிலும் 0. அவர் தனக்குப் போட்டுக்கொண்டது ஒன்றிலிருந்து எட்டுக்கு ஏறியது. இந்த மனிதர் ஓர் ஆய்வில் சேர்ந்திருந்தால், எந்த அளவுகோல் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து ‘பலன் இல்லை’ பட்டியலிலோ ‘மிகுந்த பலன்’ பட்டியலிலோ போயிருப்பார். ஒரே ஒருவர் கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு எண்ணும் எங்கிருந்து வருகின்றன என்று காட்டத்தான் சொன்னேன்.

இப்போது நீங்கள் கேட்ட மறுபாதி: சிகிச்சை பெற்றவர்கள் என்ன உணர்கிறார்கள்? இதை எண்ணால் பிடிக்க முடியாது. உட்கார வைத்துப் பேசியும், கூடவே இருந்து கவனித்தும் செய்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் அடிக்கடி வருவது, இலக்கு யாருடையது என்பதில் இரண்டு தரப்பும் வேறுவேறு பதில் சொல்வது. ‘சேர்ந்துதான் முடிவு செய்தோம்’ என்பார் தெரபிஸ்ட். ‘அப்படியா, என்னிடம் யாரும் கேட்டதாக நினைவில்லையே’ என்பார் சிகிச்சை பெற்றவர். யாரும் பொய் சொல்லவில்லை. படிவத்தைக் காட்டி ‘உடுத்துவதில் பயிற்சி செய்வோமா?’ என்று கேட்டால் பக்கவாதம் வந்து இரண்டு வாரமான எவரும் தலையாட்டத்தான் செய்வார்கள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம். துளைப் பலகையைக் குறை சொன்னவரின் பிரச்சினையும் அநேகமாக இதுதான். குச்சி சொருகுவது எதற்காக, அது எந்த வேலைக்குப் போய்ச் சேரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குச்சி சொருகிப் பழகினால் குச்சி சொருகுவது நன்றாக வரும். பட்டன் போட வர வேண்டுமென்றால் பட்டன் போட்டுத்தான் பழக வேண்டும். பழகிய வேலையில்தான் முன்னேற்றம் அதிகம் என்பது பக்கவாத மறுவாழ்வு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

உதவிச் சாதனங்களைப் பற்றிய ஒரு பழைய அமெரிக்க ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. 1993இல் வந்தது, 227 பேரிடம் கேட்டது. கொடுத்த சாதனங்களில் 29.3 சதவீதம் மூலையில் போடப்பட்டிருந்தன. காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்தப் போகிறவரின் கருத்தைக் கேட்காதது. சுலபமாகக் கிடைத்துவிட்டதும் இன்னொரு காரணம், இது எனக்கே வியப்பாக இருந்தது. யோசித்தால் புரிகிறது, சுலபமாகக் கிடைக்கும்போது இது வேண்டுமா என்று யாரும் நின்று கேட்பதில்லை. நீண்ட கைப்பிடித் தேய்ப்பான், காலுறை மாட்டும் கருவி என்று ஒரு பை நிறைய உங்கள் கையில் திணித்தால், அம்மா ஒவ்வொன்றையும் ஒருமுறை உபயோகித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

செரில் மேட்டிங்லி என்ற மானுடவியலாளர் அமெரிக்க மருத்துவமனையில் தெரபிஸ்ட்டுகளோடு கூடவே இருந்து கவனித்து எழுதியவர். அவரும் அவரோடு வேலை செய்த மாரீன் ஃப்ளெமிங்கும் கண்டது: தெரபிஸ்ட்டுகள் நோயாளியின் வாழ்க்கைக் கதையைக் கேட்கிறார்கள், பயத்தைக் கேட்கிறார்கள், இனி எப்படி வாழ்வது என்று கூடவே யோசிக்கிறார்கள், ஆனால் அதில் எதுவும் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. குறிப்பேட்டில் இருப்பதெல்லாம் தசை வலிமை, மூட்டு எத்தனை டிகிரி மடங்கியது. காசு கொடுப்பவர் அதற்குத்தான் கொடுக்கிறார். இதனால் ஒரு விபரீதம்: சிகிச்சை பெற்றவர் ‘அவர் என்னைக் கேட்டார்’ என்று நன்றியோடு நினைவுகூரும் பகுதி ஆவணத்தில் இல்லாததால், அடுத்து வரும் தெரபிஸ்ட் மறுபடி முதலிலிருந்து துளைப் பலகையை நீட்டுகிறார்.

மறதி நோயில் (டிமென்ஷியா) நடந்தது இதைவிடப் புதிரானது. நெதர்லாந்தில் 2006இல் 135 பேரை வைத்து, ஐந்து வாரத்தில் பத்துச் சந்திப்பு. நோயாளிக்கும் கவனித்துக்கொள்பவருக்கும் சேர்த்து. பலன் பிரமாதமாக இருந்தது. அதே முறையை ஜெர்மனியில் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. பிரிட்டனில் அங்குள்ள நிலைமைக்கு ஏற்ப மாற்றி 468 ஜோடிகளிடம் செய்து 2021இல் வெளியிட்டார்கள், அங்கும் அன்றாடச் செயல்களில் வித்தியாசம் இல்லை. ஜெர்மன் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஒரு தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து ஒருமுறை விரிவாகப் பேசிவிட்டுப் போனார். அந்த ஒரு பேச்சே பத்துச் சந்திப்பு தரக்கூடியதில் பெரும்பகுதியைத் தந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இது என் ஊகம், நிரூபணமான ஒன்றல்ல. முதல் ஆய்வு ஒரே இடத்தில், அந்த முறையில் ஊறிய தெரபிஸ்ட்டுகளால் செய்யப்பட்டது என்பதும் காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், டிமென்ஷியாவுக்கு இது கண்டிப்பாக உதவும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அவ்வளவு உறுதிக்குச் சான்று போதாது.

அளவுகோலும் அனுபவமும் நேர் எதிராகப் போனதற்கு ஓர் உதாரணம் குழந்தைகள் பக்கமிருந்து. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தூங்குவதற்குக் கனமான போர்வை கொடுப்பார்கள். 2014இல் வந்த குலுக்கல் ஆய்வில், கனமான போர்வையையும் சாதாரணப் போர்வையையும் மாற்றிமாற்றிக் கொடுத்துத் தூங்கிய நேரத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். வித்தியாசம் இல்லை. ஆனால் குழந்தைகளும் பெற்றோரும் கனமான போர்வையையே விரும்பினார்கள். அப்படியென்றால் போர்வை வேலை செய்கிறதா இல்லையா? தூக்கத்துக்கு இல்லை என்பேன். பிடித்திருக்கிறதென்றால் வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்வேன், தூக்கம் கூடும் என்று சொல்லி யாரும் விற்காத வரை.

கீழே விழுவதைத் தடுப்பதில் இவ்வளவு குழப்பம் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்து ஆபத்துகளைக் களைவது பற்றிய 2023 காக்ரேன் தொகுப்பாய்வு, முதியோர் விழுவது மொத்தத்தில் 26 சதவீதம் குறைகிறது என்கிறது. ஏற்கெனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவர்கள் போன்ற ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் 38 சதவீதம். அம்மா இந்தப் பிரிவில்தான் வருவார். சிட்னியில் நடந்து 1999இல் வெளியான ஒரு ஆய்வில், ஏற்கெனவே விழுந்திருந்தவர்களில் தெரபிஸ்ட் வந்து வீட்டைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வெளியேயும் குறைவாக விழுந்தார்கள். தரைவிரிப்பை எடுத்ததால் தெருவில் விழாமல் இருக்க முடியாது. தெரபிஸ்ட்டோடு சேர்ந்து வீட்டைப் பார்த்ததில் அவர்கள் நடமாடும் விதமே மாறியிருக்க வேண்டும் என்பதுதான் பொருந்தும் விளக்கம்.

இனி அம்மா விஷயம். தொடருங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். அடுத்த முறை தெரபிஸ்ட் வரும்போது, அம்மாவுக்கு முன்னாலேயே, நீங்கள் பேசாமல் அவரையே பேச விட்டு, எந்த ஒரு வேலையைத் தானாகச் செய்ய வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். பேச்சு குழறினால் படம் காட்டிக் கேட்கலாம், நேரம் கொடுங்கள். நீங்கள் நினைத்தது வராமல் போகலாம். என் அனுபவத்தில் பிள்ளைகள் சொல்லும் முதல் இலக்கும் பெற்றோர் சொல்லும் முதல் இலக்கும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் ‘இது அந்த வேலைக்கு எப்படிப் போகும்?’ என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட்டுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். பதில் மழுப்பலாக வந்தால், அல்லது ஒரு மாதமாகியும் பயிற்சி மேசையை விட்டுக் குளியலறைக்கோ சமையலறைக்கோ நகரவில்லையென்றால், வேறு ஒருவரைப் பாருங்கள். இன்றே பத்துக்கு எவ்வளவு என்று அம்மாவையே சொல்ல வைத்து ஒரு தாளில் எழுதிவையுங்கள், ஆறு வாரம் கழித்து அந்தத் தாளைக் காட்டாமல் மறுபடி கேளுங்கள்.

நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பலவீனமான கையை மட்டும் பயன்படுத்த வைக்கும் சிகிச்சை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 222 பேரை வைத்து 2006இல் வெளியான ஆய்வு அதற்கு நல்ல சான்று. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமே நிமிர்த்த முடிந்தவர்கள். அம்மாவின் கை இன்னும் துளியும் அசையவில்லையென்றால் இப்போதைக்கு அது பொருந்தாது, வீட்டில் நீங்களாகக் கட்டிப்பார்க்கவும் வேண்டாம், விழுந்துவிடுவார். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, அழுகிறார் என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதைத் தெரபிஸ்ட் சரிசெய்வார் என்று காத்திருக்காதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.